உப்பில்லாப் பத்தியம்

ஜூடிக்கு நோய் என்று காசிமேட்டில் ஒருவரும் நம்பவில்லை. குனிந்து மீன் கூடையைத் தூக்கினால் தலை வெடிக்கும், நெஞ்சு தடதடக்கும், உடுத்திய துணி பிழிகிற அளவுக்கு வேர்க்கும், முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிடும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கி எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அப்படி எழுந்து உட்கார்ந்ததுதான் அவள் செய்த தப்பு. விழுந்தே கிடந்திருந்தால் யாராவது நம்பியிருப்பார்கள். "வேல செய்ய சொன்னா போதும், இவளுக்கு வந்துரும்" என்று சிரித்தார்கள். தெருமுனை டாக்டர் பதட்டம் என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு பெண் வருடக்கணக்கில் துடித்ததை ஊரே டீ குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மாதான் நம்பினார். ஒரு நாள் சிறுநீர் முழுவதையும் கேனில் பிடித்துவரச் சொல்லிப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். இடது சிறுநீரகத்தின் உச்சியில் அட்ரினல் என்று ஒரு சுரப்பி. அதில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. அது நினைத்தபோதெல்லாம் ரத்தத்தில் எதையோ கொட்டுகிறது, பிரஷர் எகிறுகிறது. கேட்டதும் ஜூடி அழுதாள். பயத்தில் இல்லை, தான் நடிக்கவில்லை என்று ஒருவர் சொல்லிவிட்ட சந்தோஷத்தில்.

"எடுத்துட்டா சரியாயிடும்மா. ஆனா உடனே எடுக்க முடியாது" என்றார் டாக்டர். "இத்தனை வருஷமா உங்க ரத்தக் குழாயெல்லாம் சுருங்கிக் கிடக்கு. இந்த மாத்திரை அதை விரிக்கும். விரிஞ்ச குழாய் நிரம்பணும். நிறைய தண்ணி குடிங்க, உப்பு நல்லா சேத்துக்கோங்க. ஊறுகா, கருவாடு எல்லாம் சாப்பிடுங்க. மத்த பிரஷர்காரங்களுக்குச் சொல்றது உங்களுக்கு இல்ல. குழாய் நிரம்பாம கட்டியை எடுத்தா பிரஷர் அப்படியே விழுந்துடும். அப்புறம் எங்களால தூக்க முடியாது."

உள்ளே நோயாளியை மட்டும்தான் விட்டார்கள். மாமியார் ஞானம்மா வெளியே பெஞ்சில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். இந்தப் பேச்சு அவள் காதில் விழவில்லை. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

ஞானம்மா கருவாட்டு வியாபாரி. வீட்டின் முன்னறையில் நடக்க இடமில்லாமல் உப்பு மூட்டைதான். அவள் புருஷன் தாமஸ் பிரஷர் ஏறிப் பக்கவாதம் வந்து செத்தபோது ஒரு டாக்டர் வார்டில் அத்தனை பேர் முன்னால் கத்தினார்: "கருவாடா போட்டே கொன்னுட்டியேம்மா!" அந்தச் சொல் அவளுக்குள் ஆணியாய் இறங்கிவிட்டது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது. இந்தப் பூனை மருமகளையும் போகவிடவில்லை.

"பிரஷருக்கு உப்பு துன்ன சொன்னாங்களா? எந்த டாக்டருடி அப்டி சொல்வான்? நாக்கு கேக்குதுன்னு சொல்லு!"

"சத்தியமா அத்தே. வாங்க, நீங்களே கேளுங்க."

"தாலியறுத்தவ நானு. எனக்கு நீ சொல்லித் தர்றியா?"

ஜூடியின் புருஷன் பிராங்கிளின் எண்ணூர்த் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவன். ஜூடி போன் போட்டபோது லாரி வரிசையில் நின்றிருந்தான். "இன்னாங்க, ஒரு தபா வந்து டாக்டர பாருங்க" என்றாள். "வண்டிய நடு ரோட்டுல வுட்டுட்டு வர சொல்றியா? அம்மா ஒரு சாவ பாத்தவங்க. அவங்க சொல்றத கேளு" என்று வைத்துவிட்டான். தாய் சொல்லைத் தட்டாத பிள்ளை. கட்டியவள் சொல்லைத் தட்டுவதற்கென்றே பிறந்தவன்.

ஞானம்மா தினமும் தன் கையாலேயே உப்பில்லாக் கஞ்சி காய்ச்சி ஊட்டினாள். மருமகளின் தலைமாட்டில் உட்கார்ந்து மாதாவிடம் மன்றாடினாள். பாசம் பொய்யில்லை, அதுதான் கொடுமை. மாத்திரை குழாயை விரித்தது, உப்பில்லாமல் குழாய் நிரம்பவில்லை. எழுந்து நின்றால் ஜூடிக்குக் கண் இருட்டியது. இருட்டி விழுந்தால் ஞானம்மா, "பாத்தியா, பிரஷர் ஏறிகினு கீது" என்று மோரையும் நிறுத்தினாள். பக்கத்து வீட்டு ரமாபாயிடமும் சொல்லி வைத்தாள். ரமாபாய் ஊறுகாய் ஜாடியைப் பரண்மேல் ஏற்றினாள்.

ஒரு மத்தியானம் ஞானம்மா தூங்கிவிட்டாள் என்று நினைத்து ஜூடி முன்னறைக்குத் தவழ்ந்து போனாள். நின்றால் விழுந்துவிடுவாள், அதனால் தவழ்ந்தாள். மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி கல்லுப்பை வாயில் போட்டுக்கொண்டாள். பின்னாலிருந்து ஞானம்மா கொத்தாய் முடியைப் பிடித்தாள். தாடையை அழுத்தி, வாய்க்குள் விரலை விட்டு, உப்பைத் தோண்டித் தோண்டித் தரையில் எறிந்தாள். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. வாசலில் கூடிய பெண்கள், "திருடித் துன்றாளே, அப்டி இன்னாடி பேயி?" என்று கேட்டார்கள். ஞானம்மாவும் அழுதாள். "நீயும் பூட்டா எம் புள்ளைக்கு யாரு கீறாங்க?" என்று மருமகளைக் கட்டிக்கொண்டு கதறினாள். ஜூடி கிழிந்த உதட்டை நக்கிக்கொண்டாள். ரத்தமாவது கரித்தது.

அட்மிஷன் அன்று டாக்டர் ஜூடியை நிற்க வைத்துப் பிரஷர் பார்த்து முகம் சுளித்தார். "உப்பு நல்லா சாப்டீங்கதானே? இல்லன்னா சொல்லுங்க. தள்ளிப்போட்டு, இன்னும் ரெண்டு வாரம் வீட்ல இருந்து சாப்டுட்டு வரலாம்."

ஜூடிக்கு உண்மை நுனி நாக்கில் இருந்தது. வீடு என்ற சொல்தான் அதை விழுங்க வைத்தது. இன்னும் ரெண்டு வாரம் அந்தக் கஞ்சி, அந்த விரல். "சாப்ட்டேன் டாக்டர்" என்றாள். ராத்திரி முழுக்க இரண்டு பாட்டில் சலைன் ஏற்றினார்கள். அத்தனை நாள் வறட்சிக்கு அது எந்த மூலைக்கு?

மறுநாள் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஞானம்மாவும் பிராங்கிளினும் காத்திருந்தார்கள். கதவைத் திறந்து டாக்டரம்மா வந்தார். முகமூடி கழுத்தில் தொங்கியது.

"கட்டியை முழுசா எடுத்துட்டோம். ஆனா எடுத்ததும் பிரஷர் விழுந்துடுச்சு. எவ்வளவு மருந்து ஏத்தியும்..."

"பிரஷர் எறங்கிச்சா!" ஞானம்மா அதற்குமேல் கேட்கவில்லை. அங்கேயே மண்டியிட்டுச் சிலுவை போட்டாள். "மாதாவே, கோடி நன்றி! ஒரு கல்லு உப்ப கண்ணுல காட்டலம்மா நானு. திருடித் துன்னப்பகூட வாயில கைய வுட்டு எடுத்தேன். இந்தத் தபா யாரும் என்னிய ஒரு சொல்லு சொல்ல முடியாது."

டாக்டர் பிராங்கிளினைப் பார்த்தார். அவனுக்குப் புரிந்துவிட்டது. "யம்மா, வாய மூடும்மா" என்றான். அவள் காதில் வாங்கவில்லை.

ஞானம்மா எழுந்து, கூடையிலிருந்த தூக்குவாளியை எடுத்து டாக்டரிடம் நீட்டினாள்.

"கண்ணு முழிச்சதும் குடுங்கம்மா. கஞ்சிதான். உப்பு போடல."