ஆசிப்பின் ரேஸ் ஸ்டீயரிங்

குவைத்திலிருந்து ஊர் திரும்பிய முகம்மது ஆசிப், கோட்டக்குப்பத்தில் வேறு யாரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தான். தன் பழைய காரின் ஸ்டீயரிங்கைப் பரணில் போட்டுவிட்டு, ரேஸ் காரில் இருப்பதுபோல் கழற்றி மாட்டும் ஸ்டீயரிங் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்துப் பொருத்தினான்.

“இனிமே இந்தக் காரை எவனும் திருட முடியாது,” என்றான்.

“திருடறவன் வந்தா சொல்லுங்க, நானே சாவி குடுத்து அனுப்பறேன்,” என்றாள் மனைவி ஃபஸீஹா. “மோதினா விரிஞ்சு உசுரக் காப்பாத்துற பலூனு பழைய ஸ்டீயரிங்குலதானே இருந்துச்சு? அத்த எடுத்துட்டு இந்த வடச்சட்டிய மாட்டிக்கினு நிக்கிறீங்க.”

திண்டிவனத்தில் உறவினர் நிக்காஹ். காரைப் பூட்டியவன் ஸ்டீயரிங்கையும் கழற்றி மண்டபத்துக்குள் எடுத்துப் போனான். ஃபஸீஹா பத்தடி தள்ளியே நடந்தாள்.

“கழட்டிட்டா ஹாரனுக்கு வயரு எப்படிங்க?” என்று பந்தியில் பக்கத்திலிருந்தவர் கேட்டுவிட்டார். ஆசிப்புக்கு அது போதும்.

“வயரே வெளிய கெடையாது பாய். இதோட பின்பக்கம் ஸ்பிரிங் வச்ச ரெண்டு பின்னு. கார் பக்கம் ரெண்டு செப்புத் தகடு. அழுத்தி டக்குனு பூட்டினா பின்னு போய்த் தகட்டுல முட்டும், கரண்ட் பாயும். நெஜ ரேஸ் காருல இன்னும் நெறைய பின்னு. கியரு, ரேடியோ எல்லாம் அது வழியாத்தான்.”

சொல்லி முடித்து, ஸ்டீயரிங்கைப் பின்கள் கீழே இருக்கும்படி இலையோரம் வைத்தான். கீழே சிந்திக் கிடந்த ரொட்டி அல்வாவை அவன் கவனிக்கவில்லை.

திரும்பும்போது, கிளியனூர் தாண்டி நிலக்கடலை மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று வயல் பாதையிலிருந்து சாலையில் ஏறியது. ஆசிப் ஹாரனை அழுத்தினான். சத்தமில்லை. மறுபடி குத்தினான். ஃபஸீஹா ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கத்தினாள்.

“யோவ், நில்லுய்யா! இந்த வண்டிக்கு ஹாரன் நாந்தான்!”

டிராக்டர் நின்றது. ஆசிப் பிரேக்கில் ஏறி மிதித்திருந்தான்; ஒரு முழம்தான் இடைவெளி.

ஓரங்கட்டி, ஸ்டீயரிங்கைக் கழற்றிப் பார்த்தான். ஒரு பின் உள்ளே அமுங்கியபடி அல்வாவில் சிக்கிக் கிடந்தது. அதைச் சுரண்டி எடுத்து, கைக்குட்டையால் துடைத்து மாட்டினான். ஹாரன் அலறியது.

“பாத்தியா? கோளாறு ஸ்டீயரிங்குல இல்ல, அல்வாவுல!”

“அல்வா இன்னிக்கா குடுத்தாங்க? இத்த உங்க தலைல கட்டினான் பாருங்க, அவன் அன்னிக்கே குடுத்துட்டான்.”

அவள் குரல்தான் திடமாக இருந்தது. சீட் பெல்ட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துக்கொண்டாள். ஆசிப் அதைப் பார்த்தான். வீடு வரும்வரை நாற்பதைத் தாண்டாமல் ஓட்டினான்.

அந்த வாரமே விழுப்புரத்தில் ஒரு மெக்கானிக்கிடம் காரை விட்டு, பழைய ஸ்டீயரிங்கைப் பலூனோடு மாட்டவைத்தான். நடந்ததையெல்லாம் சொல்லி, ரேஸ் ஸ்டீயரிங்கை அவரிடமே நீட்டி, “சும்மாவே வச்சிக்குங்க,” என்றான்.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவன் கையிலேயே திணித்தார். “எதுக்கு பாய்? எங்கூட்டுலயும் பொண்டாட்டி இருக்கா.”