காரிப் பசுவுக்குச் சொன்னது

பாகம் பிரித்த நாளிலிருந்து கமலாத்தாளும் அவள் ஓரகத்தி ஜானகியம்மாளும் பேசிக்கொள்வதில்லை. பேச்சுதான் இல்லையே தவிர, சண்டைக்கு ஒரு குறைவும் இல்லை. கமலாத்தாள் தன் காரிப் பசுவைப் பார்த்துத் திட்டுவாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஜானகி கூரைமேல் இருக்கும் காக்காயைப் பார்த்துப் பதில் கொடுப்பாள். எருத்தேன்பதியில் பகையாளிகள் பேசும் முறை அதுதான். அந்தப் பசுவும் காக்காயும் வாங்கிக் கட்டிக்கொண்ட வசவுக்கு அளவே கிடையாது.

எழுபத்தி நாலாம் வருசக் கோடையில் ஜானகியின் புருசன் ஆறுமுகசாமி, தன் பாழுங்கிணற்றைக் கோயமுத்தூர் இரும்புப் பட்டறை ஒன்றுக்குக் கழிவு கொட்ட வாடகைக்கு விட்டார். இரும்பைக் காய்ச்சிக் கெட்டிப்படுத்தும் வெள்ளை உப்பாம். வேலைக்கு ஆகாமல் போனதை லாரியில் கொண்டுவந்து பீப்பாய் பீப்பாயாகக் கவிழ்த்தார்கள். வேலியை ஒட்டிக் கமலாத்தாளின் கிணறு. அவளும் மாடுகளும் உயிர் வாழ்வது அந்தத் தண்ணீரில். செத்துப்போன புருசன் விட்டுச் சென்றதில் அது ஒன்றுதான் உருப்படி.

லாரியை மறித்து டிரைவரைக் கேட்டாள்.

"தொட்டுப்போடாதீங்கம்மா, சயனைடு விசமுங்க," என்றான் அவன். "புளிப்புப் பட்டா காத்தே விசமாயிரும். பட்டறையில ஒருத்தன் அப்படித்தான் போயிட்டான். மழைக்கு முந்தி இதையெல்லாம் அள்ளி, விசத்த முறிச்சாத்தான் ஆச்சு. உங்க கொழுந்தனாருகிட்டச் சொல்லிப்போட்டேனுங்க. யாருகிட்டயும் மூச்சு விடாதேன்னு எனக்கே சொல்றாருங்க."

மறுநாள் காலை ஜானகி காலிப் பீப்பாய் ஒன்றை வாசலில் படுக்கப் போட்டிருந்தாள். கனத்த இரும்பு, மூடியை வெட்டி எடுத்தாயிற்று. மாட்டுக்குக் கழுநீர்த் தாழி வைக்க அதைவிட வாகாக எது கிடைக்கும்? அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததைத் தேய்த்தெடுக்க, பாத்திரம் விளக்குவதுபோலப் புளியைக் கரைத்து வைத்திருந்தாள்.

வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கமலாத்தாள் அதைப் பார்த்தாள். "தொடாதே ஜானகி" என்பது நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் முதலில் பேசுகிறவள் தோற்றவள் அல்லவா? பாகம் பிரித்த அன்று, இனிப் பேசமாட்டேன் என்று மண்ணைத் தூற்றிச் சபதம் செய்தவள் அவள். காரியின் பக்கம் திரும்பினாள்.

"ஏ காரி, அந்தப் பீப்பாய்ல புளியப் போட்டவ பாடையிலதான் போவா. தெரிஞ்சுக்க."

"கேட்டியா காக்கா," என்றாள் ஜானகி. "நம்ம ஊட்டுக்கு ஒரு தாழி வந்தாக்கூட சில பேருக்குக் கண்ணு பொறுக்கறதில்ல."

சொல்லிவிட்டுப் புளித்தண்ணீரை உள்ளே வீசினாள். பாதி உடம்பைப் பீப்பாய்க்குள் நுழைத்தாள்.

சொன்னது சொல்லியாச்சு, பட்டால்தான் தெரியும் என்று கமலாத்தாள் சாணிக்கூடையைத் தூக்கினாள். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோசம்கூட இருந்தது. கரகரவென்று தேய்க்கும் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

கூடை எங்கே விழுந்ததோ. "ஜானகி, ஜானகி" என்று கத்திக்கொண்டே வேலியைத் தாண்டினாள். முள் கிழித்தது தெரியவில்லை. முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு, கால்களைப் பிடித்து இழுத்து, வேலியோரம் காற்றாடக் கிடத்திக் கன்னத்தில் அறைந்தாள்.

"மூச்ச உடுடி. நீ போயிட்டா நான் யாரடி திட்டறது?"

மூச்சு வந்தது. பின்னாலேயே வாந்தியும் வந்தது.

ஆறுமுகசாமி காட்டு வேலையை விட்டு ஓடிவந்தார். "என்ற பொண்டாட்டிய என்ன பண்ணுனீங்க?" என்று உறுமினார்.

"ஆஸ்பத்திரிக்கு வண்டியக் கட்டுங்க மொதல்ல. புளிப்புப் பட்டா விசம்னு டிரைவரு உங்ககிட்டச் சொன்னானா இல்லையா?"

அவர் தரையைப் பார்த்தார். "பொம்பளைங்ககிட்டச் சொன்னா ஊருக்கே தெரிஞ்சிரும். லாரி நின்னு போயிருமுன்னு..."

ஜானகி புருசனை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் முகத்தைத் திருப்பி, வேலிக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டிருந்த காரியைப் பார்த்தாள்.

"ஏ காரி, அந்த மனுசன்கிட்டச் சொல்லு. கெணத்துல கெடக்கறத அள்ளிட்டுப் போற வரைக்கும் அந்த ஊட்டுல அடுப்பு எரியாது. நான் உன்ற ஊட்டுல, எங்கக்காகிட்டத்தான் இருப்பேன்."

ஆறுமுகசாமிக்குப் பதில் சொல்ல ஒரு காக்காய்கூட அகப்படவில்லை.