ஷீலாவின் வரைபடம்

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருந்த அந்த ஆய்வு மையத்தில் மொத்தம் ஐந்து பேர். லாபம் பார்க்காத அறக்கட்டளை. ஊர் வளர வளர, அங்கே இருப்பவர்களுக்குப் பயம் கூடுகிறதா குறைகிறதா என்று நேரில் விசாரித்து, அறிக்கை எழுதி, அரசாங்கத்துக்கும் பத்திரிகைகளுக்கும் அனுப்புவது வேலை. எந்த அறிக்கையும் வெளியே போகுமுன் உள்ளே இருக்கும் ஒருவர் அதைப் படித்துக் குறை சொல்ல வேண்டும். எழுதியவர் பெயரும் மறைக்கப்படும், படித்தவர் பெயரும் மறைக்கப்படும். ஐந்து பேர் இருக்கிற இடத்தில் எதை மறைப்பது? ஆனாலும் விதி விதிதான்.

அந்த வாரம் யூனிஸிடம் வந்த அறிக்கையில் பெயர் இல்லை. முதல் பத்தியிலேயே ஷீலா என்று தெரிந்துவிட்டது.

யூனிஸ் இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது ஷீலா கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். யூனிஸின் அறிக்கைகளில் ஓர் அடிக்குறிப்பு பிசகாது. அவை அலமாரியில் பத்திரமாக இருந்தன, யாரும் எடுத்ததில்லை. நேற்று வந்த ஷீலா எழுதுவதைச் செய்தித்தாள்காரர்கள் ஃபோன் போட்டுக் கேட்டு வாங்கினார்கள். இப்போது டெல்லிக் கருத்தரங்கில் மையத்துக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. "இந்த ரிப்போர்ட் தேறிட்டா ஷீலாவே போகட்டும்மா. அந்த மேப் ஒண்ணு போதும், கைதட்டுவாங்க" என்றார் இயக்குநர் ஜீவானந்தம், அதுவும் யூனிஸிடமே. அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களின் விடுதியைப் பற்றியது அறிக்கை. பாதுகாப்புக்கென்று விடுதிக்காரர் தெருமுனையில் கேமரா மாட்டினார். அதைத் தன் ஃபோனில் பார்த்து, யார் யாரோடு நின்று பேசினார்கள் என்று பெற்றோருக்குச் சொல்ல ஆரம்பித்தார். பெண்கள் வெளிச்சமான தெருவை விட்டுவிட்டு ஏரிக்கரை வழியாகச் சுற்றி வந்தார்கள். அந்த வழியை, உடைந்த மதில் உட்பட, ஷீலா அழகாக வரைந்திருந்தாள்.

யூனிஸ் இரண்டு முறை படித்தாள். ஒரு குறையும் அகப்படவில்லை. 'நல்லா எழுதித் தொலைச்சிருக்காளே' என்று மனதுக்குள் திட்டிவிட்டு, சனிக்கிழமை மின்சார ரயில் ஏறினாள். நேரில் போனால் ஏதாவது பொய் அகப்படாதா?

விடுதிக்கு எதிரே டீக்கடையில் சினேகா என்ற பெண் பேசினாள். அறிக்கையில் இருந்தது எல்லாமே நிஜம். அதைவிட மோசம், அவள் நாலு வார்த்தைக்கு ஒருமுறை ஷீலாவைக் கேட்டாள்.

"ஷீலாக்கா வரலியா மேடம்? அவங்க வந்தா ஒரே சிரிப்பா இருக்கும். நீங்க டீச்சர் மாதிரி கேக்குறீங்க, எனக்குப் பரீட்சை ஞாபகம் வருது."

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். யூனிஸும் சிரித்துவைத்தாள்.

சினேகா குரலைத் தாழ்த்தினாள். "அந்த ஏரிக்கரை வழி மட்டும் வெளிய தெரிய வேணாம் மேடம். ஷீலாக்காவ நம்பித்தான் காட்டினோம். ஓனருக்குத் தெரிஞ்சா அங்கயும் ஒரு கேமரா மாட்டிடுவாரு. அப்புறம் நாங்க எங்க போறது?"

வரைபடம் யூனிஸின் கைப்பையில் இருந்தது. அவள் நெஞ்சு ஜில்லென்று குளிர்ந்தது. அகப்பட்டுவிட்டது! திரும்பும் ரயிலில்தான் யோசித்தாள்: அந்தப் பெண் பயந்து சொல்கிறாள், நமக்கோ சந்தோஷம் பொங்குகிறது, இது என்ன ஜென்மம்? அதற்காக எழுதாமலும் இருக்க முடியாது. 'வரைபடத்தையும் வழி பற்றிய விவரங்களையும் நீக்கும் வரை இவ்வறிக்கை வெளியிடலாகாது' என்று எழுதி அனுப்பினாள்.

திங்கட்கிழமை ஷீலா அவள் மேஜைக்கு நேரே வந்தாள்.

"இது நீங்கதானே அக்கா?"

"பேர் சொல்லக் கூடாது."

"'வெளியிடலாகாது'ன்னு இந்த ஆபீஸ்ல வேற யாரு எழுதுவா அக்கா? மேப்ப எடுத்துட்டா அப்புறம் அதுல என்ன இருக்கு? டெல்லி போச்சு. அதானே வேணும் உங்களுக்கு?"

யூனிஸ் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். "ஆமா, வேணும்தான். உன்ன எல்லாரும் தலையில தூக்கி வச்சு ஆடறது எனக்குப் பொறுக்கல. தப்பு தேடித்தான் அங்க போனேன். ஆனா சினேகா சொன்னத நான் ஜோடிக்கல. நீயே ஃபோன் போட்டுக் கேளு."

ஷீலா அங்கேயே நின்றபடி ஃபோன் செய்தாள். மறுமுனையில் படபடவென்று பேச்சு. கேட்கக் கேட்க அவள் முகம் இறங்கியது. "நான் யோசிக்கவே இல்லடி... உங்க பேர மட்டும்தான் மறைச்சேன். எடுத்துடறேன், சத்தியமா" என்றாள்.

அன்று மாலையே வரைபடத்தை எடுத்தாள். மிச்சம் இருந்த அறிக்கையைப் படித்த ஜீவானந்தம் உதட்டைப் பிதுக்கினார். டெல்லிக்கு இந்த முறை யாரும் வரவில்லை என்று எழுதிவிடச் சொன்னார். யூனிஸ் நினைத்தபடியே ஆயிற்று. அவள் நிம்மதியாகக் கணினியை அணைக்கப் போனாள்.

அப்போது ஷீலாவின் ஃபோன் அடித்தது. சினேகாதான். முதலில் திட்டு, பிறகு ஏதோ கேலி. இங்கே ஷீலா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அங்கே நாலைந்து பெண்கள் சேர்ந்து சிரிப்பது யூனிஸ் வரைக்கும் கேட்டது.

"ஞாயித்துக்கிழம வரேன்டி. மீன் நான் வாங்கிட்டு வரேன், கொழம்பு நீங்க வைக்கணும்."

யூனிஸ் எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். நெஞ்சில் டெல்லி காலி செய்த இடத்தில் அந்த மீன்குழம்பு வந்து உட்கார்ந்துகொண்டது.