முன்தண்டுக்காரரின் புதுக் கண்ணாடி

சாயங்காலம் சாமி புறப்பாடு. அன்றைக்குக் காலையில் போய் குமாரவேல் தன் வீட்டு வாசற்படியிலேயே தடுக்கி விழப் பார்த்தார்.

குமாரவேல் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவர். திருவிழா வந்தால் தெருக் கோயில் முருகனை, வாகனத்தைச் சுமக்கும் கழியின் முன்முனையான முன்தண்டு பிடித்துத் தூக்குகிறவர். முன்தண்டு வெறும் பெருமைக்கு இல்லை. பின்னால் தோள் கொடுக்கிறவர்களுக்கு வாகனமும் முன்னால் போகிறவர் முதுகும்தான் தெரியும், தரை தெரியாது. முன்தண்டுக்காரர் "படி" என்றால் படி, "பள்ளம்" என்றால் பள்ளம்.

அந்த மனுஷன் கண்ணுக்குத்தான் இப்போது சோதனை. தூரத்துக்குப் போடுகிற பழைய கண்ணாடி உடைந்து போயிற்று. அது இல்லாவிட்டால் அவருக்குத் தன் கால் விரலே தெரியாது. மேலே தூரம், கீழே கிட்டம், நடுவில் கோடே தெரியாத புரோகிரசிவ் லென்ஸ் போட்டால் தறிக்கும் தெருவுக்கும் ஒன்றே போதும் என்று கடையில் சொன்னார்கள். அது நேற்று கைக்கு வந்தது. போட்டதிலிருந்து தரை மிதக்கிறது. படியின் விளிம்பு எங்கே என்றால் இங்கேயும் இருக்கிறது, அங்கேயும் இருக்கிறது.

மச்சான் ஜெயக்குமார் பார்த்துவிட்டான். தண்டில் குமாரவேலுக்கு நேர் பின்னால் நிற்கிறவன் அவன்தான்.

"இன்னா மாமா ஆச்சு?"

"ஒண்ணுமில்லடா. செருப்பு வழுக்கிச்சு."

"செருப்பு அங்க கெடக்குது. நீ வெறுங்காலோட நின்னுக்கினு இருக்கற."

குமாரவேலின் கால் செருப்பைத் தேடித் துழாவியது.

"கண்ணு சரியில்லன்னா சொல்லிடு மாமா. எனக்குப் பின்னால தூக்கற முத்துக்குமாரை முன்னாடி நிறுத்திக்கலாம். கோயில் மண்டபத்துப் படி எப்படி இருக்கும்னு உனக்கே தெரியும். நீ கால் தவறினா சாமியோட சேர்ந்து எல்லாரும் உன் மேல விழுவோம்."

"போடா, வந்துட்டான் சொல்றதுக்கு!" என்று எரிந்து விழுந்தார் குமாரவேல். கோபமெல்லாம் மேலுக்குத்தான். முன்தண்டை விட்டுக் கொடுக்கவும் மனசு வரவில்லை. பொய் சொல்லித் தூக்கி, மச்சான் காலை உடைக்கவும் மனசு வரவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனார்.

அளவெடுத்த எஸ்தர்தான் கடையில் இருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கும் முகம் சுருங்கியது.

"புதுசுல அப்படித்தான் இருக்கும்ணா. ஒரு வாரம் போட்டா பழகிடும்."

"ஒரு வாரமா? சாயங்காலம் சாமி தூக்கணும்மா!"

அவர் போட்ட சத்தத்தில் அடுத்த நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார். எஸ்தர் கண்ணாடியை வாங்கினாள். லென்ஸில் பொடியாகப் பொறித்திருந்த குறிகளை வெளிச்சத்தில் தேடி, பார்வை மையம் எங்கே என்று மை வைத்து, திரும்ப அவருக்கே மாட்டினாள். எதிர்ச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னாள். மைப்புள்ளி கருவிழிக்கு நேரே இருக்க வேண்டும். அது மேல் இமையில் போய் உட்கார்ந்திருந்தது.

"இவ்ளோ மேலயா? அன்னைக்கு சரியாத்தானே வச்சேன்!"

மறுபடி குறிக்கலாம் என்று பேனாவை அவர் முகத்தருகே கொண்டு போனாள். குமாரவேல் தலை தானாகத் தாழ்ந்தது. மோவாய் நெஞ்சைத் தொட்டது. கண் மட்டும் பணிவாக மேலே பார்த்தது.

எஸ்தர் கையை இழுத்துக்கொண்டாள். தலை நிமிர்ந்தது. திரும்பவும் நீட்டினாள். திரும்பவும் தாழ்ந்தது.

"அண்ணா, ஏன் குனியிறீங்க?"

"நான் எங்கம்மா குனிஞ்சேன்?"

அப்புறம்தான் அவருக்கே உறைத்தது. பிறந்ததிலிருந்து அவர் நெற்றியருகே ஒரு கை வந்தால் அது குருக்களின் கைதான், விபூதி வைக்கத்தான். கழுத்து அவரைக் கேட்காமலே வளைந்துவிடுகிறது. அளவெடுத்த அன்றும் வளைந்திருக்கிறது. குனிந்த தலைக்குப் புள்ளி மேலே ஏறி, நிமிர்ந்து நடக்கும்போது லென்ஸின் கிட்டத்துப் பாகம் வந்து கண்ணை மறைத்துக்கொண்டது.

"நான்தான் கவனிச்சிருக்கணும்," என்றாள் எஸ்தர். "இந்த லென்ஸ் ஆவாது. வேற போட்டுத் தரேன், ஆனா வர நாளாவும்."

"இன்னைக்கு?"

அவள் சின்னக் குறடு ஒன்றை எடுத்தாள். மூக்கில் உட்கார்கிற இரண்டு குமிழையும் கொஞ்சம் விரித்தாள். மாட்டினாள், பார்த்தாள், இன்னும் கொஞ்சம் விரித்தாள். கண்ணாடி கீழே இறங்கியது. புள்ளி கருவிழிக்குக் கிட்டே வந்தது, முழுசாக வரவில்லை.

"இதுக்கு மேல எறக்கினா நழுவிடும். எறங்கும்போது கண்ணை மட்டும் கீழ போடாதீங்கண்ணா. தலையையும் சேர்த்துக் குனிஞ்சு, கண்ணாடியோட மேல் பாகத்தால பாருங்க. வாசல்ல படி இருக்குது, எறங்கிக் காட்டுங்க."

முதல் தடவை பழக்கதோஷத்தில் கண்ணை மட்டும் தாழ்த்தினார். கால் காற்றை மிதித்தது. எஸ்தர் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாம் தடவை மோவாயை நெஞ்சில் ஒட்டினார். படி தன் இடத்தில் நின்றது. அவர் ஏறினார், இறங்கினார், வெயிலில் வேர்வை சொட்டச் சொட்ட மத்தியானம் வரைக்கும் அதையே செய்தார்.

சாயங்காலம் தண்டு தோளில் ஏறியது. ஜெயக்குமாரிடம் நடந்தது எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அவன் வழக்கம்போல அவருக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டான். அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. மேளம் முழங்க, கற்பூரப் புகை கண்ணாடியில் படிய, மண்டபத்து விளிம்புக்கு வந்தார்கள். வேர்வையில் கண்ணாடி வழுக்கியது. பிடிக்கக் கை இல்லை. முருகா, இவனுங்க பிள்ளைகுட்டிக்காரனுங்க என்று மனசுக்குள் கதறினார்.

குனிந்தார். கல்லின் விளிம்பு, அதில் ஒட்டியிருந்த சாமந்தி இதழ் உட்பட, தெளிவாகத் தெரிந்தது.

"படி!" என்றார். ஒவ்வொரு படிக்கும் குனிந்தார், ஒவ்வொரு படிக்கும் கத்தினார். கடைசியில் தெரு மண்ணில் கால் பட்டது.

சாமி நின்று பூசை வாங்கிக்கொள்ளும் முதல் மண்டகப்படியில் இறக்கி வைத்தார்கள். குமாரவேல் திரும்பி மச்சானைப் பார்த்தார்.

"பயந்துட்டியாடா?"

"வழியெல்லாம் முத்துக்குமார் என்னைக் கேட்டுக்கினே வந்தான், மாமாவுக்குத் தெரியுதா தெரியுதான்னு," என்றான் ஜெயக்குமார். துண்டால் முகத்தைத் துடைத்தான். "எனக்கு இன்னா தெரியும் மாமா? உன் முதுகுதான் தெரியும். அது எறங்கிச்சு, நானும் எறங்கினேன்."