பதினேழாம் எண் பூஞ்சை

கன்றுக்குட்டியின் வயிற்றில் பாலைத் திரிக்கும் புரதம் ஒன்று உண்டு. அதற்கான மரபணுவைக் கறுப்புப் பூஞ்சைக்குள் புகுத்தியிருந்தார்கள். அப்படிச் செய்த இருபத்துநான்கு பூஞ்சைகளில் எது அந்தப் புரதத்தை அதிகம் வெளியே விடுகிறது என்று பார்த்துச் சொல்வது வீட்ஸ்காவின் வேலை. டெல்ஃப்ட் நகர ஆய்வகத்தில் அவளுக்கு அது இரண்டாம் வருடம்.

சோதனை எளிது. பூஞ்சை வளர்ந்த நீரை வடிகட்டிப் பாலில் சில சொட்டு விட வேண்டும்; புரதம் இருந்தால் திரியும். இருபத்துமூன்று குழாய்களில் திரிந்தது. பதினேழில் மட்டும் பால் பாலாகவே இருந்தது. அதைக்கூட விட்டுவிடலாம். மரபணுவே வைக்காத, ஒப்பிடுவதற்கான வெறும் பூஞ்சையும் பாலைத் திரித்திருந்தது.

பக்கத்து மேசை யோரிட் எட்டிப் பார்த்தான். "மாடே இல்லாத தொழுவத்துல கன்னு பொறந்திருக்கு. பேர் ஒட்டும்போது தூங்கிட்டியா?"

அவள் சீட்டுகளைச் சரிபார்த்தாள். வேறு பால் வாங்கினாள். புளிப்பினால் திரிகிறதோ என்று அமிலத்தைச் சரிக்கட்டினாள். மூன்று முறையும் அதே கதைதான். தன் கையையே நம்ப முடியவில்லை. பதினேழைக் குப்பையில் போடச் சொன்னான் யோரிட். அவளுக்கு மனம் வரவில்லை.

ஒருவேளை பூஞ்சையின் சொந்தப் புரதம் ஏதோ ஒன்றே பாலைத் திரித்து, கன்றுப் புரதத்தையும் சிதைக்கிறதோ? பாலாடைக்கட்டிக்காரர் பாலைத் திரிக்க வைத்திருக்கும் கன்றுப் புரதத்தில் கொஞ்சம் வாங்கி, எல்லா நீரிலும் கலந்து ஒரு நாள் வைத்தாள். பிறகு புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டினாள். பதினேழில் மட்டும் கன்றுப் புரதத்தின் நீலக் கோடு இருந்தது. மற்றவற்றில் சுத்தமாகக் காணோம்.

"மத்ததெல்லாம் அதத் தின்னுருக்கு," என்றாள். "பாலத் திரிக்கிறதும் அந்தத் தின்னிப் புரதந்தான். பதினேழுகிட்ட அது இல்ல."

"சரி, பதினேழுல நாம வச்ச மரபணு எங்க? அது ஏன் ஒண்ணும் பண்ணல?"

"தெரியல."

"தின்னி மட்டும் எப்படிப் போச்சு?"

"அதுவும் தெரியல, யோரிட்."

பதினேழுக்குள் மரபணுவை மறுபடி புகுத்தினார்கள். ஆறு வாரம் கழித்துப் பால் திரிந்தது. இம்முறை வெளியில் வாங்கியது எதையும் கலக்காமலே நீலக் கோடும் தெரிந்தது. எல்லோரும் கைகொடுத்தார்கள். வீட்ஸ்கா சிரித்தாள், ஆனாலும் குழப்பம் தீரவில்லை. அறிக்கையில் காரணம் கேட்ட இடத்தில் மூன்று விளக்கங்கள் எழுதி, மூன்றையும் அடித்துவிட்டு, 'இன்னும் புரியவில்லை' என்று எழுதிக் கொடுத்தாள்.