டான்ஸுக்கு ஊர் எது

அகராதி அலுவலகத்தில் சொற்பிறப்புப் பகுதியை எழுதுவது கணவர். அதைச் சரிபார்ப்பது மனைவி. பதினாறு வருடமாக ஒரே மேசையின் இரண்டு பக்கம். வீட்டுப் பேச்சை அலுவலகத்திலும் அலுவலகப் பேச்சை வீட்டிலும் பேசிப் பேசி, இப்போது இரண்டு இடத்திலும் பேச்சு வற்றிவிட்டது.

அன்று ‘டான்ஸ்’ என்ற சொல் அவளிடம் வந்தது. அவருக்கு அது மூன்று வருட உழைப்பு. பிரெஞ்சிலிருந்து அந்தச் சொல் ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் போனது, ஜெர்மனிலிருந்து போலிஷுக்கும் ஹங்கேரியனுக்கும் தாவியது, எல்லாவற்றுக்கும் அட்டை அட்டையாகச் சான்று வைத்திருந்தார். கடைசிப் பத்தியில்தான் வந்தது வினை. பிரெஞ்சுக்கு அது, ‘இழு’ என்று பொருள்படும் ‘டான்ஸோன்’ என்ற பழைய ஜெர்மானியச் சொல்லிலிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்லியிருந்தார்.

அவள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். அச்சுக்குப் போக மூன்று நாள்தான். கண்டுகொள்ளாமல் கையெழுத்துப் போட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. முடியவில்லை.

“ஏங்க, இந்தக் கடைசி பாரா நிக்காது.”

“ஏன்?”

“பழைய பிரெஞ்சுல இந்தச் சொல்லோட ‘ஸ்’ வர்ற இடத்துல ‘ட்ஸ்’னு ஒலி. உங்க டான்ஸோன்ல வெறும் ‘ஸ்’தான். அது எப்படி இது ஆச்சு?”

“பெரிய பெரிய ஆளுங்களே அப்படித்தான் எழுதியிருக்காங்க.”

“பின்னாடி வந்தவங்க சந்தேகப்பட்டிருக்காங்களே. அதைக் குறிச்ச அட்டையும் உங்க பெட்டிலதான் இருக்கு. அடியில சொருகி வச்சிருக்கீங்க.”

அவர் முகம் சிவந்தது. “வீட்லதான் நீ நொட்டை சொல்றேன்னா, இங்கயுமா?”

பக்கத்து மேசைக்காரர்களுக்குத் திடீரென்று தலைபோகிற வேலை வந்துவிட்டது.

பேருந்தில் அவர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவரே பாத்திரம் கழுவினார். கேட்காமல் கழுவினால் கோபம் என்று அர்த்தம். ஒவ்வொரு கிண்ணமும் அதைச் சத்தம் போட்டுச் சொன்னது. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

கையைத் துடைத்துக்கொண்டே வந்து எதிரில் உட்கார்ந்தார்.

“எனக்கு முதல் வருஷமே தெரியும்.”

“என்ன?”

“அது நிக்காதுன்னு. மூணு வருஷம் தேடிட்டு ‘தெரியல’ன்னு எழுத கை வரல.”

“எனக்கு மட்டும் சொல்ல வாய் வந்துச்சா?”

அவர் ஒரு துண்டை எடுத்து மடிக்கத் தொடங்கினார். கோணலாக மடித்தார். அவள் அதைத் திருத்தவில்லை.

காலையில் அவரே அந்தப் பத்தியை அடித்துவிட்டு, ‘இதற்கு முந்தைய மூலம் உறுதியாகத் தெரியவில்லை’ என்று எழுதினார். அவள் கையெழுத்திட்டாள்.

தலைமைப் பதிப்பாசிரியர் பக்கத்தைத் தூக்கிப் பார்த்தார். “கீழ இடம் காலியா இருக்கே? ஆடற மாதிரி படம் ஏதாவது போட்டு ரொப்பிடலாமா?”

“வேணாம் சார்” என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.