பீப்பாவுக்கு யார் கோழி போட்டது?

பல் செட்டுக்காரருக்கு முதலில் சந்தேகம் வந்தது தீனிப் பொட்டலத்தின் மேல்தான்.

அவர் பொய்ப்பல் செய்கிறவர். பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்து, மெழுகில் ஈறு வைத்து, பல் அடுக்கி, செட்டாக்கிக் கொடுப்பார். ஒரு பல் மயிரிழை தூக்கிக்கொண்டு நின்றாலும் போட்டவர் கடிக்கும்போது தெரிந்துவிடும். அதனால் எதையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிற குணம். அந்தக் குணம் பட்டறையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது.

வீட்டில் மூன்று பேர். அவர், துணிக்கடையில் வேலை பார்க்கும் மனைவி, மனைவியின் தம்பி. இவர்களோடு பீப்பா. பெயருக்கேற்ற உடம்புள்ள நாய். அது கொஞ்ச நாளாகக் காதையும் காலிடுக்கையும் சொறிந்து சொறிந்து ரத்தக் களறியாக்கி வைத்திருந்தது. வழக்கமான களிம்பெல்லாம் தடவிப் பார்த்து அலுத்துப்போய்க் கால்நடை டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனார்.

"என்ன தீனி போடறீங்க?"

"ஆட்டுக்கறித் தீனி டாக்டர். கோழி இதுக்கு ஒத்துக்காதுன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. பாத்துப் பாத்து மாத்துனேன்." பொட்டலத்தையே கொண்டுவந்திருந்தார். முன்பக்கம் ஒரு ஆடு புல்வெளியில் ஜம்மென்று நின்றது.

டாக்டரம்மா அதைத் திருப்பினார். "ஆடு முன்னாடி நிக்குது. பின்னாடி பொடி எழுத்தைப் படிங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். அதிகம் இருப்பதுதான் முதலில் வருமாம். முதலில் இருந்தது கோழி மாவு. ஆடு எங்கேயோ அரிசிக்கும் பீட்ரூட் சக்கைக்கும் கீழே ஒட்டிக்கொண்டிருந்தது.

"அடப்பாவி! ஆட்டைக் காட்டி கோழிய வித்துட்டானே!"

"பொய்யில்ல. ஆட்டுச் சுவைன்னுதான் போட்டிருக்கான். ஆடுன்னு படிச்சது நீங்க." டாக்டரம்மா வேறொரு மூட்டையை எடுத்துக் காட்டி, கடையில் வாங்கிக்கொள்ளச் சொன்னார். புரதத்தைப் பொடிப்பொடியாக உடைத்து, உடம்புக்கு அடையாளமே தெரியாமல் செய்த தீனி. "ரெண்டு மாசம் இது மட்டும்தான். ஒரு துணுக்கு வேற எதுவும் உள்ள போகக் கூடாது. போச்சுன்னா அத்தனையும் வீண். இதுலயும் எதுன்னு தெரியலேன்னா ஆயுசு முழுக்க அரிப்பை அமுக்கற மாத்திரைதான். அது ஈரலுக்கு நல்லதில்ல. வேற ஏதாச்சும் வாய்க்குள்ள போகுதா? எலும்பு, பிஸ்கட், சத்து மாத்திரை?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

டாக்டரம்மா பீப்பாவின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். "பல்லு மட்டும் பளிச்சுன்னு இருக்கு."

அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு மாசம் ஓடியது. பீப்பா சொறிந்துகொண்டுதான் இருந்தது.

புது மூட்டை வாங்கிய கடைக்குப் போனார். "உண்மையச் சொல்லுப்பா. மூட்டையப் பிரிச்சு எதையாச்சும் கலந்தியா?"

கடைக்காரர் பூனைத் தீனியை அளந்துகொண்டிருந்தவர், கரண்டியைக் கீழே வைத்தார். "அண்ணே, தையல் பிரியாமத்தான வாங்கிட்டுப் போனீங்க? நான் என்ன ஊசி போட்டா கோழிய உள்ள ஏத்துவேன்?"

"அந்தப் பூனைத் தீனி ஏன் அந்த மூட்டைக்குப் பக்கத்துல இருக்கு?"

"இது கடைண்ணே. எல்லாம் பக்கத்துலதான் இருக்கும்."

கடைக்காரர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அப்படியானால் தப்பு வீட்டுக்குள்ளே. யோசிக்க யோசிக்க மச்சினன் முகம்தான் வந்து நின்றது. அவன் இரவில் கிடங்கு காவல். பகல் முழுக்க வீட்டில் சோபாவில் கிடப்பான். ஏதாவது கொறித்துக்கொண்டே இருப்பான். அவன் காலடியில் பீப்பா கண் கொட்டாமல் உட்கார்ந்திருக்கும். ஒன்றும் கிடைக்காத இடத்தில் எந்த நாய் அப்படிக் காத்துக் கிடக்கும்?

ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் மத்தியானமே வீட்டுக்கு வந்தார்.

"கைய நீட்டு மாப்ள."

"எதுக்கு மாமா?"

"நீட்டுன்னா நீட்டு."

மச்சினன் நீட்டினான். அவர் குனிந்து முகர்ந்தார். பீப்பாவும் ஆர்வமாக வந்து முகர்ந்தது.

"சோப்பு வாசனை அடிக்குதே. எதுக்குக் கழுவின?"

"சாப்ட்டா கை கழுவ மாட்டாங்களா மாமா? கழுவலேன்னாலும் திட்டுவீங்க."

அவர் தரையில் மண்டியிட்டு சோபாவுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். காய்ந்த ரொட்டித் துண்டு ஒன்று கிடைத்தது. ரத்தம் ஜிவ்வென்று தலைக்கு ஏறியது.

"இது என்ன?"

"ரொட்டி. கீழ விழுந்திருக்கும்."

"விழுந்த ரொட்டி நடந்து போயா சோபாவுக்கு அடியில உக்காந்துச்சு?"

"மாமா, நான் போட்டிருந்தா அது இன்னும் அங்கயா கெடக்கும்? பீப்பா விட்டு வெச்சிருக்குமா?"

கேள்வி நியாயமாக இருந்ததால் கோபம்தான் வந்தது. "தின்னுட்டுத் தூங்கற வேலைக்கு இந்த வீடு எதுக்கு" என்று வாயில் வந்ததைக் கொட்டிவிட்டார். மச்சினன் பையை எடுத்துத் துணியைத் திணிக்க ஆரம்பித்தான்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என் தம்பி கைய மோந்து பாத்தீங்களா?"

"நாயோட நல்லதுக்குத்தான்..."

"நாளைக்கு என் கையையும் மோப்பீங்க."

முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் அயர்ந்து தூங்கும்போது அதையும் அவர் முகர்ந்து பார்த்தாகிவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துபோயிற்று. தம்பியோடு அவளும் கிளம்பித் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். "நீங்களும் உங்க நாயும் நல்லா இருங்க" என்று வாசலில் நின்று சொன்னாள். கதவை மட்டும் அறையாமல் மெதுவாகச் சாத்தினாள். அதுதான் அவரை உறுத்தியது.

சரி, இனிமேல் யாரும் குறுக்கே வர முடியாது. வீட்டில் சமையலை நிறுத்தினார். தான் சாப்பிடுவதை வெளியிலேயே முடித்துக்கொண்டார். பீப்பாவைப் பட்டறைக்கே கூட்டிப்போய் மேசைக்கு அடியில் கட்டினார். சுண்ணாம்புத் தூளும் மெழுகும் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. மூட்டையிலிருந்து தன் கையாலேயே அளந்து போட்டார். தண்ணீர்க் கிண்ணத்தைக்கூட மாற்றினார். பக்கத்துப் பட்டறைக்காரர் பீப்பாவைத் தட்டிக் கொடுக்க வந்தபோது, "தொடாதீங்க, என்ன சாப்ட்டீங்கன்னு எனக்குத் தெரியாது" என்றார். அந்த மனுஷன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

பீப்பா சொறிந்தது. நாள் போகப் போக இன்னும் ஆவேசமாக. காது மடலில் புதுசாக ரத்தம்.

காலையில் குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, பீப்பாவின் தாடையைப் பிடித்துப் பல் தேய்த்துவிட்டுக்கொண்டே யோசித்தார். கடைக்காரன் இல்லை. மச்சினன் இல்லை. அவள் இல்லை. இந்த வீட்டில் மிச்சம் இருப்பது யார்? பீப்பா பிரஷை நக்கியது. பல் தேய்க்கிற நேரம் என்றால் அதற்கு எப்போதும் குஷிதான். கூப்பிட வேண்டியதில்லை, தானே வந்து வாயைத் திறக்கும். எந்த நாய் பல் தேய்க்க இப்படி ஓடி வரும்?

கை நின்றது.

குழாயை எடுத்தார். அது நாய்களுக்கென்றே விற்கிற பற்பசை. தினமும் கையில் பிடிக்கிற குழாய்தான், ஆனால் அவர் பார்வை எப்போதும் பல்லில்தான் இருக்கும். கண்ணாடியை மாட்டி, ஈரத்தைத் துடைத்துவிட்டுப் படித்தார். மூடிக்கு அடியில் சின்னதாக ஒரு கோழிக்கால் படம். கோழிச் சுவை.

பீப்பா பிரஷைக் கவ்வி இழுத்தது. அவர் பிடுங்கித் தூர எறிந்தார்.

டாக்டரம்மாவுக்கு போன் போட்டார். "சுவைக்குன்னு கோழி ஈரல் கலக்கற பேஸ்ட்டும் இருக்கு," என்றார் அவர். "வேற ஏதாச்சும் வாய்க்குள்ள போகுதான்னு கேட்டேனே?"

"பல்லு தேய்க்கறத யாரு டாக்டர் சாப்பாடுன்னு நெனைப்பா? நாம துப்பிடறோமே."

"பீப்பா துப்புமா?"

மறுபடி முதலிலிருந்து ரெண்டு மாசம் என்றார் டாக்டரம்மா. பகலில் பீப்பாவை எந்நேரமும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், பட்டறைத் தூசி புண்ணுக்கு ஆகாது என்றும் சொன்னார். அப்படிப் பகலில் வீட்டில் இருக்கக்கூடிய ஆள் இந்த உலகத்தில் ஒருவன்தான்.

அக்கா வீட்டு வாசலில் போய் நின்றார். மச்சினன் கதவைத் திறந்தான், உள்ளே கூப்பிடவில்லை. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்த மனைவி முதலில் சிரிக்கக் கூடாது என்றுதான் பார்த்தாள். முடியவில்லை.

"ஊரு வாய்க்கெல்லாம் பல்லு கட்டறவரு, சொந்த நாய் வாயில என்ன வெக்கறோம்னு பாக்கல!"

"தப்புதான். மாப்ள, நீ வந்தாத்தான் அது பொழைக்கும்."

மச்சினன் தலையைச் சொறிந்தான். "வரேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். ஒரே ஒரு தடவை மீன் துண்டு போட்டேன். மூட்டை வர்றதுக்கு முன்னாடி."

"எப்போ?" பல் செட்டுக்காரரின் குரல் எகிறியது.

"இதோ, ஆரம்பிச்சாச்சு!" என்றாள் மனைவி.

அவர் மச்சினனின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

இந்த முறை காது ஆறியது. காலிடுக்கில் முடி வளர்ந்தது. டாக்டரம்மா பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டி, "இப்ப ஒரு துண்டு வேக வெச்ச கோழி குடுங்க" என்றார்.

"ஐயோ, வேண்டாம் டாக்டர்."

"அப்புறம் கோழிதான்னு எப்படிச் சொல்லுவீங்க? அந்த பேஸ்ட்டுல ஆயிரம் இருக்கும்."

தெரியாமலே விட்டுவிட அவரால் முடியுமா? வீட்டில் துண்டு வெந்தது. யார் கொடுப்பது என்று வந்தபோது மனைவி பாத்திரம் கழுவப் போய்விட்டாள். மச்சினன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். "நான் மாட்டேன் மாமா. நாளைக்கு என் தலையில விடியும்."

அவரே நீட்டினார். பீப்பா கறியைப் பார்த்தது. அவர் முகத்தைப் பார்த்தது. அப்புறம் மச்சினனைப் பார்த்தது. கறி இருக்கிற திசைக்கு மூக்கைக் கொண்டுபோனாலே இத்தனை நாளாக யாராவது கத்தியிருக்கிறார்கள். அது ஒரு அடி பின்னால் போய், வாலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தது.

"சாப்புடுடா. டாக்டரம்மாதான் சொன்னாங்க."

அது நம்பவில்லை. கடைசியில் தரையில் வைத்துவிட்டு, எல்லோருமாக அடுத்த அறைக்குப் போய்க் காத்திருந்தார்கள். வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு 'சளக்' என்று ஒரே ஒரு சத்தம்.

மறுநாள் சாயங்காலம் பீப்பா காதைச் சொறிய ஆரம்பித்தது. பல் செட்டுக்காரர் பாய்ந்துபோய் போனை எடுத்தார்.

"கோழிதான் டாக்டர்! கோழியேதான்!"

வேலை கிடைத்த செய்தி சொல்கிற மாதிரி இருந்தது அவர் குரல். மச்சினன் ஓடிப்போய், சொறிய விடாமல் பீப்பாவின் பின்காலைப் பிடித்துக்கொண்டான்.